மரபைக் காப்பது யார் பொறுப்பு?



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. ஒரு நாட்டின் கலை, பழம்பொருள், மொழி, வனவிலங்கு ஆகிய நான்கையும் காக்கும் பொறுப்பு யாருடையது? அரசாங்கத்தின் பொறுப்புத்தான் என்று உடனே சொல்லிவிடலாம். அந்த விடை தவறும் அன்று. ஆனால் எந்த அரசாங்கம்? கூட்டரசா, மாநில அரசா, நகராண்மைக் கழகமா? அந்த அரசாங்கத்திலும் எந்த அமைச்சு, எந்த மேசை? இப்படி ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு போனால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. தேடிப் பார்த்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

முதலில் எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள். ஜொகூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையில், மூவார் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் மூவார். பண்டார் மகாராணி என்பது அதன் மற்றொரு பெயர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூரின் அரச நகரம் என்று இது அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் தஞ்சோங் எமாஸ் பக்கம் மாலையில் நடந்தால் 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் ஜாமிக் பள்ளிவாசலைக் காணலாம். நகரத்துக்குள் வந்தால் பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1890-இல் இங்கிருந்து பாரிட் ஜாவாவுக்கு ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கியது. மூவார் மாநில ரயில் என்று அதற்குப் பெயர். 1929-இல் அது நின்றுவிட்டது. இன்று அந்தத் தண்டவாளம் எந்த வழியாகச் சென்றது என்று கேட்டால், இளைஞர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பார்கள்.

அந்த ரயில் போய்ச் சேர்ந்த பாரிட் ஜாவாவை அசாம் பெடாஸ் சாப்பிடப் போகும் இடமாகத்தான் நம்மில் பலர் அறிவோம். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் அங்கே கரையோரம் சற்று நின்று பாருங்கள். அலையாத்தி மரங்களுக்கு அப்பால் சேறு விரிந்து கிடக்கும். அதிலே ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான பறவை ஒன்று, பின்னால் கைகட்டி நடக்கும் பழைய காலத்துக் கிராணியாரைப் போல, மெல்ல நடந்துகொண்டிருக்கும். தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. மலாய்க்காரர்கள் அதைப் புரோங் போத்தாக், அதாவது மொட்டைப் பறவை என்று அழைப்பார்கள். நாரை இனத்தைச் சேர்ந்த இந்தப் பறவை உலகில் பல இடங்களில் அருகிவிட்டது. இதைக் காண்பதற்கென்றே வெளிநாட்டவர்கள் தொலைநோக்கியோடு பாரிட் ஜாவாவுக்கு வருகிறார்கள்.

ஆற்றோரம் பழைய கட்டடம், சேற்றிலே அரிய பறவை, நகரத்திலே தமிழ்ப்பள்ளி, உள்ளே தள்ளிப் போனால் ஒரு காலத்தில் ரப்பரும் இன்று செம்பனையுமாக இருக்கும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் முன்பு திருவிழாக் காலத்தில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்தது. இவை நான்கும் சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆனால் அரசாங்க ஏட்டில் இவை நான்கும் நான்கு வேறு உலகங்கள்.

எப்படி என்று பார்ப்போம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதலாவது கூட்டரசின் அதிகாரங்கள். இரண்டாவது மாநிலத்தின் அதிகாரங்கள். மூன்றாவது இருவருக்கும் பொதுவானவை. கல்வி, கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. நிலமும் காடும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. வனவிலங்குகளையும் பறவைகளையும் காப்பதும் தேசியப் பூங்காக்களும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மரபுடைமையைப் பேணுதல் என்பது 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இதைப் பாரிட் ஜாவாவின் மொட்டைப் பறவைக்குப் பொருத்திப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம். அந்தப் பறவையைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம். அதைக் கவனிப்பது பெர்ஹிலித்தான் என்று நாம் அழைக்கும் கூட்டரசின் வனவிலங்குத் துறை. ஆனால் பறவை நிற்கும் சேற்றுக்கும் அது கூடு கட்டும் மரத்துக்கும் அதிகாரம் மாநிலத்துக்குரியது. ஆக, பறவைக்கு ஒரு காவலர். அதன் வீட்டுக்கு இன்னொரு காவலர். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் பறவை பிழைக்கும். தென்மேற்கு ஜொகூரில் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்று ஈரநிலங்கள் 2003-ஆம் ஆண்டில் ராம்சார் என்னும் அனைத்துலகப் பட்டியலில் இடம் பெற்றன. பாரிட் ஜாவா அந்தப் பட்டியலில் இல்லை.

கலைக்கும் பழம்பொருளுக்கும் வேறு விதமான அலைச்சல். 2004-இல் பண்பாடு, கலை, மரபுடைமை அமைச்சு என்று தனி அமைச்சு ஒன்று உருவாயிற்று. 2008-இல் ஒற்றுமையும் அதோடு சேர்ந்தது. 2009-இல் பண்பாடு தகவல் தொடர்போடு சேர்ந்தது. 2013-இல் சுற்றுலாவோடு சேர்ந்தது. 2018-இல் அமைச்சின் பெயர் சுற்றுலா, கலை, பண்பாடு என்றானது. பின்னர் மரபுடைமைத் துறை அங்கிருந்து ஒற்றுமை அமைச்சின் கீழ்ச் சென்றது. வாடகை வீட்டுக்காரர் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு வீடு மாறுவதைப் போல, நம் பண்பாடும் அமைச்சு விட்டு அமைச்சு குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த அமைச்சரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீடு மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு மூட்டை வழியில் தவறிப் போகும் என்பது குடும்பம் நடத்திய நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்படித் தவறிப் போன ஒரு மூட்டையின் கதை இது. கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடாரம் என்று தமிழ் வரலாறு பேசும் பகுதி அது. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவையாகக் கருதப்படும் கோயில்களின் அடித்தளங்கள் பல இருக்கின்றன. 1930-களின் பிற்பகுதியில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் அவற்றை அகழ்ந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அவற்றுள் 11-ஆம் எண் கொண்ட கோயில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிக்கப்பட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. நாடே அதிர்ந்தது. விசாரித்துப் பார்த்தால், அந்த நிலம் தனியாருடையது. மரபுடைமைத் தலமாக அது அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. எண் இருந்தது, ஆய்வாளர்களின் நூல்களில் பெயர் இருந்தது, ஆனால் அரசிதழில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் ஆயிரம் ஆண்டு நின்ற கல் ஒரு நாள் இயந்திரத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு கூட்டரசும் மாநிலமும் பேசின, ஆய்வாளர்கள் பேசினார்கள், நாமும் பேசினோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சட்டம் இல்லாமலா இருந்தது? 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் கட்டடம் மட்டுமல்ல, இயற்கையும், பாட்டும் ஆட்டமும், கடலுக்கடியில் கிடக்கும் பொருளும், ஏன், உயிரோடிருக்கும் கலைஞர்களும் கூட மரபுடைமையாகக் கருதப்படுகிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இவர் எழுத வேண்டும், அவர் ஒப்ப வேண்டும், எவராவது முதலில் நினைவூட்ட வேண்டும். நினைவூட்டும் ஆள் இல்லையென்றால் சட்டம் அலமாரியிலேயே இருக்கும்.

நேயர்களே, இதற்கு நேர்மாறான கதையும் நம் நாட்டிலேயே உண்டு. அதுவும் நம் மாநிலத்தின் எல்லையிலே உண்டு. ஜொகூருக்கும் பகாங்குக்கும் இடையில் எண்டாவ் ரொம்பின் காடு இருக்கிறது. 1977-இல் பகாங் பக்கத்தில் அந்தக் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டது. கூட்டரசு வேண்டாம் என்றது. காடு மாநிலத்துக்குரியது என்பதால் வெறுமனே தடுத்துவிடவும் முடியவில்லை. அப்போது இயற்கைச் சங்கத்தினரும், பத்திரிகைகளும், பொதுமக்களும் குரல் எழுப்பினார்கள். கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். வெட்டு நின்றது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலேசிய இயற்கைச் சங்கம் அந்தக் காட்டுக்குள் ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி, அங்கே என்னென்ன செடி, என்னென்ன உயிர் என்று உலகுக்குக் காட்டியது. 1989-இல் ஜொகூர் மாநிலம் தன் தேசியப் பூங்காக்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. 1993-இல் ஜொகூர்ப் பகுதியில் ஏறத்தாழ 49,000 எக்டர் காடு பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது காட்டுக்கும் பொருந்திற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் காட்டின் பெருமைகளுள் ஒன்று சுமத்ரா காண்டாமிருகம். அது வாழ்ந்த முக்கிய இடங்களுள் எண்டாவ் ரொம்பினும் ஒன்று. இன்று அந்தக் காட்டில் அது இல்லை. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் மறைந்தது. நம் அரசுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் புலியின் நிலை என்ன? 2022-இல் வெளியிடப்பட்ட தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் இருப்பவை 150-க்கும் குறைவு. காட்டுக்கு வேலி போட்டோம், பெயர்ப்பலகை வைத்தோம். உள்ளே இருந்த உயிர் கண்ணிக்கும் துப்பாக்கிக்கும் இரையாகிக் குறைந்துகொண்டே வந்தது. அரசிதழ் அறிவிப்பு முதற்படிதான். அதற்குப் பிறகு நாள்தோறும் காவல் வேண்டும் என்பதைக் காண்டாமிருகம் தன் உயிரைக் கொடுத்து நமக்குக் கற்பித்திருக்கிறது.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இனி மொழிக்கு வருவோம். மொழியும் ஒரு காடு போலத்தான். பள்ளிக்கூடம் என்னும் வேலிக்குள் அது இருக்கலாம். வீட்டிலும் தெருவிலும் அது நடமாடாவிட்டால் என்ன பயன்?

ஓர் அரசாங்கம் மனம் வைத்தால் ஒரு மொழி எவ்வளவு வளரும் என்பதற்கு நம் தேசிய மொழியே சான்று. மலாய் மொழியை வளர்ப்பதற்கென்று 1888-லேயே ஜொகூரில் சங்கம் அமைத்தவர்கள் உண்டு. டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்ததும் நம் ஜொகூர் பாருவில்தான். மறு ஆண்டு அது கோலாலம்பூருக்குச் சென்றது. அகராதி, கலைச்சொல், பாடநூல், இலக்கியம் என்று அது செய்த பணியால் மலாய் மொழி பல்கலைக்கழகம் வரை ஏறி உட்கார்ந்தது. இதைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு அரசாங்கத்தின் பொறுப்பு என்ன? அரசியலமைப்பின் 152-ஆவது விதியைப் பாருங்கள். மலாய் தேசிய மொழி என்று சொல்லும் அதே விதி இரண்டு காப்புகளைத் தருகிறது. அரசாங்க அலுவல் தவிர்த்த காரியங்களில் வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், வேறு மொழியைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்பது ஒன்று. பிற சமூகங்களின் மொழிகளைப் பேணவும் அவற்றின் பயிற்சியை நிலைநிறுத்தவும் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ள உரிமைக்குக் குறைவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பேணுவது அரசின் உரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது. கடமை என்று சொல்லப்படவில்லை. உரிமை உள்ளவர் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். செய்ய வைப்பது யார்?

நம் நாட்டில் 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவை மாறானவை அல்ல என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். கேட்டுக்கொண்டால் என்ற சொல்லை மறுபடியும் ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் சேர்ந்து கேட்க வேண்டும். பதினான்கு பேர் கேட்டு, பதினைந்தாமவர் எதற்கு வம்பு என்று வீட்டில் இருந்துவிட்டால், குறை அரசாங்கத்திடமா, நம்மிடமா?

கலை, மரபு, மொழி, வனவிலங்கு இந்த நான்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்த நாடு உலகில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அயர்லாந்து அது. நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு. அங்கே மக்களின் பழைய மொழி ஐரிஷ். பஞ்சத்தாலும் குடிபெயர்ச்சியாலும் ஆங்கிலத்தின் செல்வாக்காலும் அது மேற்குக் கரையோரக் கிராமங்களில் ஒதுங்கிவிட்டது. சுதந்திரம் பெற்றபின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதையே முதல் ஆட்சிமொழியாக அறிவித்தார்கள். அந்தக் கிராமப் பகுதிகளுக்கென்றே 1956-இல் தனி அமைச்சு வைத்தார்கள். நம் டேவான் பஹாசா பிறந்த அதே ஆண்டு. 1995-ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய மரபுடைமைச் சட்டத்தில் பழைய கட்டடமும் மரபு, செடியும் விலங்கும் மரபு, நிலக்காட்சியும் மரபு. 1996-இல் ஐரிஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி நிலையம் தொடங்கினார்கள். 2011-இல் கலை, மரபுடைமை, ஐரிஷ் மொழிப் பகுதிகள் எல்லாம் ஒரே அமைச்சாயின. தேசியப் பூங்கா, வனவிலங்குப் பிரிவும் அதற்குள்ளேயே இருந்தது. கேட்கவே எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

ஆனால் அங்கும் அந்தக் கூரை நிலைக்கவில்லை. 2020-இல் மரபுடைமையும் வனவிலங்கும் வீடமைப்பு அமைச்சோடு சேர்க்கப்பட்டன. மொழியின் நிலையையும் பாருங்கள். 2022-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே அன்றாடம் அதைப் பேசுகிறவர்களோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேர் மட்டுமே. சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. அடுப்பங்கரையில் மட்டும் மொழி இல்லை. பள்ளி அறிவைத் தரும். பழக்கத்தை வீடுதான் தர வேண்டும். எண்டாவ் ரொம்பின் காண்டாமிருகம் சொன்ன பாடத்தையே அயர்லாந்தும் சொல்கிறது.

அப்படியானால் அரசாங்கத்தின் பொறுப்பு வீண் என்று நாம் சொல்கிறோமா? இல்லவே இல்லை. அரசாங்கம் கைவிட்டால் ஒரு கலை எப்படித் தவிக்கும் என்பதற்குக் கிளந்தானின் மாக் யோங் நாடகம் ஓர் எடுத்துக்காட்டு. 1991-இல் அந்த மாநில அரசு அதைத் தடை செய்தது. 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதே மாக் யோங்கை உலகின் அரிய கலைகளுள் ஒன்றென்று பாராட்டி அறிவித்தது. உலகம் மாலை போட்ட கலைக்குச் சொந்த மண்ணில் மேடை இல்லை. 2019-இல்தான், நிபந்தனைகளோடு, அந்தத் தடை தளர்ந்தது. நடுவில் கழிந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறையே மேடை ஏறாமல் முதுமை அடைந்துவிட்டது.

நம் தோட்டத்துத் தெருக்கூத்தை யாரும் தடை செய்யவில்லை. தடை செய்யாமலே அது போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயத்து வீடுகள் காலியாயின; பிள்ளைகள் பட்டணம் போனார்கள்; கூத்து வாத்தியார்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள்.

இங்கேதான் முன்பு சொன்ன எங்கள் அனுபவம் வருகிறது. மூவாருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில், கூத்து வாத்தியார் ஒருவரின் கையெழுத்து நோட்டுகள் அவர் வீட்டில் இருப்பதாக எங்களுள் சிலருக்குத் தெரியவந்தது. போய்ப் பார்த்தோம். தகரப் பெட்டிக்குள் ஏழு நோட்டுகள். பாட்டு, வசனம், யார் எப்போது மேடைக்கு வர வேண்டும் என்ற குறிப்பு, எந்த ஆண்டுத் திருவிழாவில் யார் என்ன வேடம் கட்டினார் என்ற பட்டியல், எல்லாம் இருந்தன. நோட்டைக் கொடுக்க வாத்தியாரின் மனைவிக்கு மனமில்லை; அது நியாயந்தானே. அரசாங்கம் எடுத்துப் பத்திரமாக வைக்கும் என்றால் தருகிறேன் என்றார் அந்த அம்மா.

நாங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். இது பழம்பொருள் ஆகாது, அவ்வளவு வயது இல்லையே என்றார்கள். இன்னோர் அலுவலகத்துக்குப் போனோம். இது அச்சிட்ட நூல் இல்லையே என்றார்கள். மூன்றாவது இடத்தில், தமிழ் என்றால் பள்ளிக்கூடத்துப் பக்கம் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மேசைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். நாங்களும் ஒவ்வொரு தடவையும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வேலை, வீடு, பண்டிகை என்று எட்டு மாதம் ஓடிற்று. மறுபடி போனபோது வீடு பூட்டியிருந்தது. அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தகரப் பெட்டி பழைய சாமான்காரரிடம் போயிருந்தது. கரையான் அரித்த எட்டுத் தாள்கள்தாம் எங்களுக்கு மிஞ்சின. அரசாங்கம் மட்டும் அந்த நோட்டுகளைத் தொலைத்தது என்று எங்களால் சொல்ல முடியாது. நாங்களும் சேர்ந்துதான் தொலைத்தோம்.

ஆகவே நேயர்களே, நாம் கண்ட உண்மை இதுதான். பொறுப்பு பலருக்குப் பங்கிடப்பட்டிருக்கும் நாட்டில், கேட்பவர் இல்லையென்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும். காப்பது அரசாங்கத்தின் கடமை. இன்னதைக் காக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்பது நம் கடமை. இந்தியாவின் அரசியலமைப்பில் 1976-இல் இரண்டு விதிகளைச் சேர்த்தார்கள். காட்டையும் வனவிலங்கையும் காப்பது அரசின் நெறி என்றது ஒன்று. அதையும் பண்பாட்டு மரபையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றது மற்றொன்று. ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரம்.

நம் சட்டங்களும் கேட்பவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. தேசிய மரபுடைமைச் சட்டப்படி, ஓர் இடத்தையோ, பொருளையோ, கலையையோ, கலைஞரையோ தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி எவரும் முன்மொழியலாம். பெரிய மனிதர்களின் சிபாரிசு வேண்டியதில்லை. நூல் ஒப்படைப்புக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நம் நாட்டில் அச்சாகி வெளியாகும் நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இது தமிழ் நூலுக்கும் பொருந்தும். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர் என்று எத்தனை மலர்கள் போடுகிறோம்! அவற்றில் ஐந்து படிகளை அனுப்பிவைத்தால், இன்னும் நூறு ஆண்டு கழித்து மூவாரில் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடும் ஒருவருக்கு அது கிடைக்கும். கையெழுத்து நோட்டுகள் வீட்டில் இருந்தால், முதலில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எந்த அலுவலகம் என்று தேடுங்கள். நாங்கள் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்தோம்.

பாரிட் ஜாவாவுக்கு அசாம் பெடாஸ் சாப்பிடப் போகும்போது பிள்ளைகளைக் கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். மொட்டைப் பறவையைக் காட்டி, எத்தனை நிற்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். நாளையும் எண்ணிக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பிள்ளை முதலில் கேட்கும், ஏன் என்று. அப்படிக் கேட்கும் பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருந்தால், எந்த அமைச்சு எந்த அமைச்சோடு சேர்ந்தாலும் மூட்டை வழியில் தவறிப் போகாது. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கும் பழக்கத்தையும் வீட்டிலேயே கொடுத்துவிட்டால், ஒரே செலவில் இரண்டு மரபைக் காத்தவர்கள் ஆவோம்.

எங்களிடம் இருக்கும் அந்த எட்டுத் தாள்களையும் படமெடுத்து வைத்துவிட்டோம். அவற்றோடு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறோம். இம்முறை பதில் வரும் வரை கேட்பதாக இருக்கிறோம்.